வந்து போகும் வைத்தியம்

2013க்கு முந்தைய தேக்கா, அதாவது சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டார ஞாயிறுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டம் மறக்காது. மதியத்துக்குமேல் சிராங்கூன் சாலை நடைபாதையில் கால் வைக்க இடமிருக்காது. ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை, தொலைபேசி அட்டை விற்பவர்களின் குரல், முட்டை பரோட்டா வாசனை, எங்கு திரும்பினாலும் தமிழ். ஆறு நாள் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த வெளிநாட்டு ஊழியர்கள் ஏழாம் நாள் சொந்தப் பேச்சில் பேசி உட்கார ஓர் இடம் தேடி வந்தார்கள். பொழுது சாய்ந்தால் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துப் புல்தரைகளிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களிலும் ஐந்தாறு பேராக வட்டம் கட்டி உட்காருவார்கள். நடுவில் சோற்றுப் பொட்டலம், கோழி வறுவல், பீர் டின், சில வட்டங்களில் மலிவு விஸ்கி. அவற்றில் பெரும்பாலானவை ஒன்பது மணிவாக்கில் அமைதியாகக் கலைந்து பேருந்து ஏறி விடுதிக்குப் போய்விடும். ஒரு சிலர் மட்டும் எழுந்து நிற்க முடியாமல் நண்பர்களின் தோளில் தொங்கிக்கொண்டு போவார்கள். அந்த ஒரு சிலரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அன்றும் அவர்களைப் பற்றி எல்லாரும் பேசினோம். ஆனால் அவர்கள் நோயாளிகளாக இருக்கலாம் என்று அநேகமாக யாரும் பேசவில்லை.

2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேரும் இடத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமான ஊழியர் ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து எழுந்த கலவரம் சிங்கப்பூர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காணாதது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அறிக்கை தந்தது. விபத்தைப் பற்றிய தவறான புரிதல், கூட்டத்தின் மனநிலை ஆகியவற்றோடு மதுபோதையும் கலவரம் பெருகக் காரணம் என்றது. 2015 ஏப்ரல் 1 முதல் மதுபான விநியோக, அருந்துதல் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு பத்தரை முதல் காலை ஏழு மணி வரை தீவு முழுவதும் பொது இடத்தில் குடிக்கக்கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனிக்கிழமை காலை ஏழு முதல் திங்கட்கிழமை காலை ஏழு வரை பொது இடத்தில் ஒரு டின் பீர்கூடத் திறக்க முடியாது. அந்தச் சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தேக்காவில் குடியிருக்கும் குடும்பங்கள் நிம்மதியாக மூச்சுவிட்டன, மின்தூக்கி வாசலில் வாந்தியைத் தாண்டிப் போகும் நிலை குறைந்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கேள்வி எங்கே, எப்போது குடிக்கலாம் என்பது மட்டும்தான். காலையில் கை நடுக்கத்தோடு எழுந்து, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் சாரத்தில் ஏற முடியும் என்ற நிலையில் இருப்பவனுக்கு அதில் பதில் இல்லை. அவன் தேக்காவில் குடிக்காவிட்டால் விடுதிக்கு வெளியே புதரோரம் குடிப்பான், அல்லது கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு குடிப்பான்.

அவனுக்குப் பதில் சொல்லக்கூடியது மருத்துவம். அதிலும் குறிப்பாக, மனிதனைப் படுக்கையில் சேர்க்காமல், வேலையையும் வீட்டையும் விட்டுப் பிரிக்காமல், வாரம் ஒரு தடவையோ மாதம் இரு தடவையோ வரச்சொல்லிப் பார்க்கும் வெளிநோயாளிச் சிகிச்சை. சிங்கப்பூரில் வாழும் நம் சமூகம் குடிக்கும், போதைக்கும் இதுவரை நம்பிய வைத்தியம் ஒன்றே ஒன்று: ஆளை அப்புறப்படுத்துவது. குடிநோயில் பெரும்பாலோருக்கு அது வேண்டியதில்லை, வந்து போகும் சிகிச்சையே போதும் என்பதற்கு அரை நூற்றாண்டுச் சான்று இருக்கிறது. அந்தச் சான்றை எடுத்து வைப்பதும், அதற்கு எதிராக நம்மிடையே சொல்லப்படும் மறுப்புகளுக்குப் பதில் சொல்வதும்தான் என் நோக்கம்.

அப்புறப்படுத்தும் பழக்கத்துக்கு இங்கே நீண்ட வரலாறு உண்டு. போருக்குப் பின் 1946இல் பிரிட்டிஷ் ஆட்சி அபின் புகைப்பதைத் தடை செய்தது. அதுவரை அரசே சண்டு என்ற புகைக்கும் அபினை விற்று வருமானம் பார்த்தது. 1955இல் அபின் பழக்கத்துக்கான சிகிச்சை நிலையம் திறக்கப்பட்ட இடம் செயின்ட் ஜான்ஸ் தீவு. ஒரு காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலில் வந்த நம் முன்னோர்களைத் தொற்றுநோய்ப் பயத்தால் இறக்கி அடைத்துவைத்த அதே தீவு. அபின் பழக்கத்தை வெறும் குற்றமாகப் பார்க்காமல் நோயாகவும் பார்த்தது அந்தக் காலத்துக்குப் பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் கடல் நடுவே கொண்டுபோய் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்ற எண்ணம் அதில் இருந்தது. 1971இல் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு, 1973இல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம், 1977இல் ஹெராயின் அலைக்கு எதிரான பெரிய வேட்டை, போதை மறுவாழ்வு நிலையங்கள், 1998இல் மீண்டும் மீண்டும் பிடிபட்டோருக்கு நீண்டகாலச் சிறை என்று அந்த எண்ணம் வலுத்துக்கொண்டே வந்தது. நம் குடும்பங்களும் அதே வழியில் யோசிக்கப் பழகின. குடிகார மகனை ஊருக்கு அனுப்பு, ஆசிரமத்தில் விடு, கல்யாணம் செய்துவை. முதலாளிகளுக்கு இன்னும் எளிது: வேலை அனுமதியை ரத்து செய்து விமானச் சீட்டு வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. ஊர் திரும்பியவனை அங்கே டாஸ்மாக் கடை வரவேற்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில்.

வெளிநோயாளிச் சிகிச்சை என்றால் மேசைக்கு அந்தப்புறம் ஒருவர் உட்கார்ந்து அறிவுரை சொல்லி அனுப்புவது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பல அடுக்குகள் உண்டு. முதல் படி அளந்து பார்ப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட ஆடிட் என்ற பத்துக் கேள்விகள் இதற்குப் போதும். எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு, தொடங்கியபின் நிறுத்த முடியாமல் போனதா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்பது போன்றவை. நாற்பதுக்கு எட்டு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய குடி. அடுத்தது நிறுத்தும் கட்டம். பல வருடம் தினமும் குடித்த உடம்பு திடீரென நிறுத்தினால் சும்மா இராது. கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும் குழப்ப நிலையும் வரலாம், அது உயிரைப் பறிக்கக்கூடியது. லேசான, நடுத்தரமான நிலையில் இருப்பவர்களுக்கு டயஸிபாம் வகை மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுத்து, மூளையைக் காக்கத் தயமின் என்ற பி1 வைட்டமினும் சேர்த்து, தினமும் வரச்சொல்லிப் பார்த்தே ஒரு வாரத்தில் கடக்க வைக்கலாம். அதற்குப் பிறகுதான் நீண்ட வேலை. குடியின் இன்பத்தை மட்டுப்படுத்தும் நால்ட்ரெக்ஸோன், ஏக்கத்தைத் தணிக்கும் அகாம்ப்ரோசேட், குடித்தால் முகம் சிவந்து குமட்டி மனிதனை ஒரு பாடு படுத்தும் டைசல்ஃபிராம் என்று மருந்துகள் இருக்கின்றன. கூடவே பேச்சுச் சிகிச்சை: எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் கை கிளாஸைத் தேடுகிறது என்று நோயாளியே கண்டுபிடித்து மாற்று வழி அமைத்துக்கொள்வது. இவற்றோடு மனைவி அல்லது அண்ணனோடு ஓர் அமர்வு, குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) போன்ற குழு. இதில் எதற்கும் பூட்டிய கதவு தேவையில்லை.

சான்று என்று சொன்னேன். லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபர்ட் குழுவினர் குடிநோயோடு வந்த மணமான ஆண்கள் 100 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மாதக்கணக்கில் முழுச் சிகிச்சை, தேவைப்பட்டால் மருத்துவமனைச் சேர்க்கையும். மறுபாதிக்கு விரிவான பரிசோதனைக்குப் பின் மனைவியையும் உட்காரவைத்து ஒரே ஓர் ஆலோசனை அமர்வு, பிறகு மாதம் ஒருமுறை விசாரிப்பு. 1977இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குப் பின் இரு பாதிக்கும் சொல்லத்தக்க வித்தியாசமில்லை. மிக மோசமான நிலையில் இருப்பவர்களுக்கு இதை அப்படியே பொருத்தக்கூடாது. குடும்பமும் ஓரளவு நிலைத்த வாழ்வும் உள்ளவர்கள் இவர்கள். ஆனால் படுக்கையில் சேர்த்தால்தான் வைத்தியம் என்ற நம்பிக்கை அன்றே ஆட்டம் கண்டது. 1997இல் அமெரிக்காவின் மேட்ச் ஆய்வு 1,726 பேரிடம் மூன்று விதப் பேச்சுச் சிகிச்சைகளை ஒப்பிட்டது. மூன்றிலும் குடி நன்றாகக் குறைந்தது, எதுவும் மற்றதைப் பெரிதாக மிஞ்சவில்லை. 2006இல் 1,383 பேரைக் கொண்ட கம்பைன் ஆய்வில், வழக்கமான மருத்துவச் சந்திப்புகளோடு நால்ட்ரெக்ஸோன் கொடுத்தது பலன் தந்தது. சிறப்புச் சிகிச்சை நிலையம் இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம் என்று அது காட்டியது. அதே ஆய்வில் அகாம்ப்ரோசேட் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேறு ஆய்வுகளில் அது உதவியிருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட தொகுப்பு, காசு வாங்காத ஏஏ குழுக்களோடு நோயாளியை முறையாக இணைக்கும் சிகிச்சை தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு மற்றச் சிகிச்சைகளைவிடச் சற்று மேலாகவே உதவுகிறது என்றது.

இவை எல்லாம் வெள்ளைக்காரர் நாட்டு ஆய்வுகள், நம் ஆட்களுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்குக் கோவாவைக் காட்டுவேன். அங்கே சங்காத் அமைப்பினர் பத்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில், ஆபத்தான அளவில் குடித்துவந்த 377 ஆண்களை எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். அக்கம்பக்கத்து மொழி தெரிந்த, சில வாரப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அதிகம் போனால் நான்கு சந்திப்புகள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவுப்படி, மூன்று மாதத்துக்குப் பின் ஆபத்தான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் இந்தக் குழுவில் 36 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற குழுவில் 26 விழுக்காடு. பத்து விழுக்காடு வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். நான்கு தடவை உட்கார்ந்து பேசியதற்கு, அதுவும் கூலிவேலை பார்க்கும் ஆண்களிடம், அது மிகப் பெரியது என்பேன். தமிழ்நாட்டிலும் முன்னோடி உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடியை நோய் என்று தமிழில் சொல்லிக்கொடுத்த இடம். அங்கே உள்நோயாளிச் சிகிச்சை முக்கியமானது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் தஞ்சை வட்டாரத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே முகாமைக் கொண்டுபோய், ஊர்க்காரர்களையே தொடர்கவனிப்புக்குத் துணை சேர்த்த அவர்களுடைய முறை, நோயாளி இருக்கும் இடத்துக்கு வைத்தியம் போக வேண்டும் என்பதை எப்போதோ நிரூபித்துவிட்டது.

முதல் மறுப்பு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: வெளியில் விட்டால் மறுபடி குடிப்பான். ஆம், பலர் மறுபடி குடிக்கிறார்கள். உள்ளே வைத்து அனுப்பினாலும் குடிக்கிறார்கள். அமெரிக்க ஆய்வாளர் மெக்லெல்லன் குழுவினர் 2000இல் எழுதிய கட்டுரையில் போதை நோய்களை நீரிழிவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமாவோடு ஒப்பிட்டார்கள். சிகிச்சையைக் கைவிட்டு நோய் திரும்பும் வீதம் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. சர்க்கரை ஏறிவிட்ட அப்பாவை நாம் மருந்தகத்துக்குத்தான் அழைத்துப் போகிறோம், ஊரைவிட்டு அனுப்புவதில்லை. மறுபடி குடித்தவனுக்கும் அந்த நியாயம் பொருந்தும். உள்ளே வைக்கும் சிகிச்சையின் பலவீனமும் இங்கேதான் தெரியும். இருபத்தெட்டு நாள் கிளாஸே இல்லாத இடத்தில் குடிக்காமலிருக்க ஒருவன் கற்றுக்கொள்கிறான். ஆனால் அவன் வாழவேண்டியது சம்பள நாளும், ஞாயிற்றுக்கிழமையும், கூப்பிடும் நண்பர்களும் உள்ள இடத்தில். அந்த இடத்திலேயே இருந்துகொண்டு, சறுக்கினால் மூன்றாம் நாளே வந்து சொல்லி, மருந்தை மாற்றி, திட்டத்தைத் திருத்தும் வசதி வெளிநோயாளிச் சிகிச்சையில் மட்டும்தான் இருக்கிறது.

எல்லாரையும் வெளியிலேயே பார்த்துவிடலாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. முன்பு நிறுத்தியபோது வலிப்போ மனக்குழப்பமோ வந்தவர், கல்லீரல் கெட்டவர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உள்ளவர், கவனிக்க ஆளில்லாதவர் இவர்களுக்கு முதல் சில நாள் மருத்துவமனைப் படுக்கைதான் பாதுகாப்பு. ஒரே அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் படுக்கும் தொழிலாளர் விடுதியில், நடுராத்திரி வலிப்பு வந்தால் என்ன செய்வதென்று தெரியாத களைத்த மனிதர்கள் நடுவே, கடுமையான குடியை நிறுத்தச் சொல்வது ஆபத்து. 2020இல் இந்தியாவில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இது கண்கூடானது. கேரளத்தில் மது கிடைக்காத தவிப்பில் தற்கொலைகள் நடந்தன. மருத்துவர் சீட்டுக்கு மது தரலாம் என்று மாநில அரசு ஆணையிட்டது, உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. அரசும் நீதிமன்றமும் தத்தம் நிலையில் நியாயமாகத்தான் யோசித்தன. ஆனால் அந்த வாரங்களில் உண்மையில் தேவைப்பட்டது பக்கத்து மருந்தகத்தில் டயஸிபாமும் தயமினும் எழுதத் தெரிந்த ஒரு மருத்துவர். அவர் இருந்திருந்தால் பெரும்பாலோரை வெளியிலேயே பார்த்து, தேவையான சிலரை மட்டும் சேர்த்திருக்கலாம். படுக்கை குறைவாக இருக்கும் உலகில், யாருக்குப் படுக்கை வேண்டும் என்று பிரித்தறிவதும் வெளிநோயாளி மருந்தகத்தின் வேலைதான். இந்தியாவின் 2019ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், குடிக்கு அடிமையானோரில் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றவர் 38இல் ஒருவர். உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவர் 180இல் ஒருவர். அந்த 180ஐ எந்தக் காலத்தில் படுக்கைகளால் எட்ட முடியும்?

இரண்டாவது மறுப்பு சிங்கப்பூருக்கே உரியது, கனமானது. இந்த நாடு ஒருமுறை வெளிநோயாளி முறையில் போதைக்கு மருந்து கொடுத்துப் பார்த்துச் சூடுபட்டிருக்கிறது என்பது அது. நினைவுள்ளவர்களுக்கு சுபுடெக்ஸ் என்ற பெயரே போதும். ஹெராயினுக்கு மாற்றாக, சுபுடெக்ஸ் என்று விற்ற புப்ரினார்ஃபின் மாத்திரை 2000களின் தொடக்கத்தில் இங்கே அனுமதிக்கப்பட்டது. தனியார் மருந்தகங்களில் எழுதிக் கொடுத்தார்கள். நாக்கின் கீழ் வைத்துக் கரைக்க வேண்டிய மாத்திரையைச் சிலர் பொடித்து ஊசியில் ஏற்றினார்கள். ரத்தக் குழாய் அடைபட்டுக் கை கால் இழந்தவர்கள் உண்டு. 2006 ஆகஸ்ட் 14 அன்று அது ஏ பிரிவுப் போதைப்பொருளாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்து அச்சம் பொய்யல்ல. ஆனால் தவறு எங்கே நடந்தது? மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதில். மருத்துவர்கள் டோல், நைஸ்வாண்டர் இருவரும் 1965இல் நியூயார்க்கில் எழுதிக்காட்டிய, ஹெராயினுக்கு மாற்றாக மெத்தடோன் கொடுக்கும் முறையின் அடிப்படையே மருத்துவமனை ஆளின் கண்முன் விழுங்க வைப்பதுதான். ஜோகூர் பாலத்துக்கு அந்தப்பக்கம் மலேசியா 2005இல் மெத்தடோனைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிறது. ஹெராயின் விஷயத்தில் சிங்கப்பூர் தன் வழியை மாற்றுமா என்பது வேறு விவாதம். 2019 திருத்தத்துக்குப் பின், வேறு குற்றமில்லாமல் போதைப்பொருள் உட்கொண்டவர்களைப் பலமுறை பிடிபட்டாலும் சிறைக்குப் பதில் மறுவாழ்வுக்கு அனுப்ப வழி செய்யப்பட்டிருப்பதை நான் வரவேற்கிறேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: போதைப்பொருளுக்கு அடிமை என்று சந்தேகிக்கும் ஒருவரைப் பற்றி மருத்துவர் ஏழு நாளுக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இங்கே விதி இருக்கிறது. அந்த விதியின் பயம் மதுவுக்கும் பரவிவிட்டது. மருத்துவரிடம் குடியைப் பற்றிச் சொன்னால் போலீசுக்குப் போய்விடும் என்று நம்புகிறவர்களின் பேச்சை விடுதிகளிலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் கேட்கலாம். மதுவுக்கு அந்த விதி இல்லை.

மூன்றாவது மறுப்பைச் சத்தமாகச் சொல்பவர்கள் குறைவு, உள்ளுக்குள் நினைப்பவர்கள் அதிகம்: இரண்டு வருட வேலை அனுமதியில் வந்தவனுக்கு இவ்வளவு செலவு எதற்கு? அரசு மருத்துவமனையில் அவனுக்கு மானியம் கிடையாது. மனநலக் கழகத்தில் 2008 முதல் நேம்ஸ் என்ற பெயரில் இயங்கும் தேசியப் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவு நல்ல இடம். மருத்துவர், உளவியலாளர், ஆலோசகர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். லிட்டில் இந்தியாவிலிருந்து அதே ஊதா நிற ரயில் பாதையில் எட்டாவது நிலையம், அந்தப் பிரிவு இருக்கும் புவாங்கோக். தூரம் என்று பார்த்தால் பக்கம். ஆனால் அது வேலைநாட்களில் பகலில் இயங்கும் மருந்தகம். ஒரு நாள் சம்பளம், மேற்பார்வையாளரின் அனுமதி, முழுக் கட்டணம், மனநல மருத்துவமனை வாசலில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற கூச்சம் என்று இத்தனையையும் தாண்டித்தான் ஓர் ஊழியர் அங்கே போய்ச் சேர வேண்டும். செலவுக் கேள்விக்கான பதிலை அரசாங்கமே 2022இல் உருவாக்கி வைத்திருக்கிறது. அந்த ஏப்ரலில் வந்த ஆரம்பப் பராமரிப்புத் திட்டத்தில், விடுதியில் தங்கும் வேலை அனுமதி ஊழியர் ஒவ்வொருவருக்கும் முதலாளி ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளி வரை கட்ட வேண்டும் என்று தொடக்கத்தில் வகுக்கப்பட்டது. அப்போது ஊழியர் மருத்துவ நிலையத்துக்குப் போனால் ஐந்து வெள்ளி, தொலைபேசிவழி மருத்துவருக்கு இரண்டு வெள்ளி. கட்டமைப்பு தயாராக இருக்கிறது, ஊழியர்களின் மொழியில் பேசவும் ஏற்பாடு இருக்கிறது. அதில் ஆடிட் கேள்விகளையும், கோவா மாதிரியில் பயிற்சி பெற்ற ஒரு தமிழ் ஆலோசகரையும், நால்ட்ரெக்ஸோனையும் சேர்க்கப் புதிய கட்டடம் வேண்டாம். 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகளும் கைகொடுக்கும். செலவைப் பற்றிக் கவலைப்படும் முதலாளி, காலை நடுக்கத்தோடு பாரந்தூக்கியை இயக்கும் ஒருவர் விளைவிக்கக்கூடிய விபத்தின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வெளிநாட்டு ஊழியரைப் பற்றியே பேசினால் நம் வீட்டுக் கதை மறைந்துவிடும். சிங்கப்பூர்க் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எடுத்துக்கொண்ட 2010ஆம் ஆண்டு மனநல ஆய்வில், மதுவைத் தவறாகப் பயன்படுத்துவோரில் 96 விழுக்காட்டினர் உதவியே நாடவில்லை. ஆய்ந்த நோய்களில் மிகப் பெரிய இடைவெளி அதுதான். 2016 ஆய்வில் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது அந்த நிலையில் இருந்தவர்களின் பங்கு 3.1இலிருந்து 4.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. சட்டத்துக்குப் பணிந்த, மானியத்துக்குத் தகுதியுள்ள, பலதுறை மருந்தகம் வீட்டுக்குக் கீழேயே இருக்கும் மனிதர்கள் இவர்கள். இவர்களே போகவில்லை என்றால் காரணம் பணமும் தூரமும் மட்டுமல்ல. குடிநோயாளி என்றால் கட்டித்தூக்கிக் கொண்டுபோகும் நிலைக்கு வந்தவன் என்று நாம் எண்ணுகிறோம். அந்த நிலை வரும்வரை மனைவி மூடி மறைக்கிறார், பிள்ளைகள் நண்பர்களை வீட்டுக்கு அழைப்பதில்லை, மாமனார் கோயிலில் வேண்டிக்கொள்கிறார். பத்து வருடம் அப்படியே கழிகிறது. சிகிச்சை என்பது கடைசிக்கட்ட நடவடிக்கை என்று தெரிந்திருப்பதால் யாரும் ஆரம்பத்தில் அதைப் பேசத் துணிவதில்லை. மாதம் இரண்டு தடவை போய் வரக்கூடிய ஒன்று, வேலை போகாது, விவரம் வெளியே போகாது, முழுவதுமாக நிறுத்த இன்று மனமில்லாவிட்டாலும் குறைப்பதிலிருந்து தொடங்கலாம் என்று தெரிந்தால் அந்தப் பத்து வருடம் இரண்டாகக் குறையும். வெளிநோயாளிச் சிகிச்சையின் மிகப் பெரிய பலன் இந்த முன்கூட்டிய வருகைதான் என்று நினைக்கிறேன்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. சனி மாலையும் ஞாயிறு முழுவதும் லிட்டில் இந்தியாவில், சட்டம் மதுவைத் தடுக்கும் அதே நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள், தமிழிலும் வங்காளத்திலும் பேசும் ஒரு குடிநோய் மருந்தகம் இயங்க வேண்டும். பெயர்ப்பலகையில் மனநலம் என்றோ குடி என்றோ எழுத வேண்டாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் சாதாரண மருந்தகமாகவே இருக்கட்டும். மனிதவள அமைச்சும் சுகாதார அமைச்சும் ஆரம்பப் பராமரிப்புத் திட்டத்தின் வழியே இதை ஓராண்டு சோதனையாக நடத்தி, ஆடிட் மதிப்பெண்களை வெளியிடட்டும். பலனில்லை என்றால் மூடிவிடலாம். கோயில்களும் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் ஊர்ச் சங்கங்களும் கலவரத்துக்குப் பிறகு ஊழியர்களுக்காக எத்தனையோ நிகழ்ச்சிகள் நடத்தியிருக்கின்றன. ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஆட்களில் இருவரைக் கோவா முறையில் பயிற்சிக்கு அனுப்பினாலே தொடங்கப் போதுமான ஆலோசகர்கள் கிடைப்பார்கள். அதுவரை, வீட்டிலோ விடுதியிலோ ஒருவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் நேம்ஸ் உதவி எண்ணான 6732 6837ஐ அழைத்து, அவரை அழைத்துவருவதற்கு முன்பே ஆலோசனை கேட்கலாம். குடிக்காக மருத்துவரைப் பார்ப்பவரின் பெயரைக் காவல்துறைக்கு அனுப்பச் சொல்லும் சட்டம் சிங்கப்பூரில் இல்லை.